கியர் எண்ணெயும் கீழே வைத்த காபியும்

அட, கப்பைக் கீழ வச்சிட்டியா? நல்லா இருக்குப்பா அபூ லைத்! ஏலக்காய் போட்டு என் வீட்டுக்காரி உம்மு கைஸ் தன் கையால காய்ச்சினது, உன் உதட்டுல கூடப் படாம தரையில உக்காந்திருக்கு. வழக்கம் எனக்குத் தெரியாதா என்ன? நீ கேக்க வந்ததுக்கு நான் சரின்னு சொல்ற வரைக்கும் அதைத் தொட மாட்டே. ஆனா அதுக்கு ஊர்ப் பெரியவங்க இருபது பேரை முன்னால விட்டுக்கிட்டு வரணும். நீ என்னடான்னா ஒத்த ஆளா வந்து உக்காந்திருக்கே.

ஆமா, வாசல்ல உன் பிக்கப்புல தார்ப்பாய் போத்தி என்னவோ கட்டி வச்சிருக்கியே, அது என்னது?

கியர்பாக்ஸா? முழுசாவா? என் வேனுக்கா? யோவ்!

சும்மா இரு, வாயைத் திறக்காதே. நீ கேக்கறதுக்கு முன்னால நான் கொஞ்சம் பேசிக்கறேன். எனக்கு எதையும் முதல்லேருந்து சொன்னாத்தான் வரும்.

அந்தக் கொரியா வேனை நான் வாங்கும்போதே ரெண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடியிருந்துச்சு. தானா மாறற ஆட்டோ கியர். கியர் எண்ணெயை எப்பவாவது மாத்தினாங்களான்னு கேட்டா, வித்தவன் தன் அம்மா மேல சத்தியம் பண்றான். என்ன சத்தியம்னு மட்டும் தெளிவா சொல்லலை. தினம் பன்னெண்டு டீச்சருங்களை இர்பித்லேருந்து அஜ்லூன் மலைக்கு ஏத்திட்டுப் போற வண்டி அது. என் வீட்டு அடுப்பே அதுல எரியுது. பயம் இருக்காதா?

நம்ம தெருவே ரெண்டு கட்சியாப் பிரிஞ்சதே, ஞாபகம் இருக்கா? தொட்டுடாதே, உள்ள தேஞ்ச தூளு கலந்த பழைய எண்ணெய்தான் பிடிமானம், புதுசு ஊத்தினா வழுக்கிடும்னு சவரக்கடைக்காரன். மாத்தலைன்னா வெந்து சாகும்னு ரொட்டிக்கடைக்காரன். அவங்க வாதம் பண்ணதுல மூணு நாள் ரொட்டி கருகுச்சு.

மெக்கானிக் நீதான் வாதமே பண்ணலை. எண்ணெய் அளவு பாக்கற கம்பியை உருவி, வெள்ளைத் தாள்ல தடவி, மோந்து பாத்துட்டு என் மூக்குக்குக் கீழயும் நீட்டினே. கறுத்திருக்கு, ஆனா கருகின வாசம் இல்ல, தூளும் இல்ல, அதனால மாத்தலாம்னு சொன்னே. மெஷின் வச்சுக் கழுவ மாட்டேன், கீழத் தட்டைக் கழட்டினா வர்ற பாதி மட்டும் வரட்டும், ஆயிரம் கிலோமீட்டர் கழிச்சு மறுபடி பாதின்னே. என் வண்டிக்கு அரைக் குளியலாடான்னு நான் சிரிச்சேன்.

புதன்கிழமை மாத்தினே. வியாழக்கிழமை சத்தமே இல்லாம கியர் மாறுது! வேற வண்டியா இதுன்னு பின்னாலேருந்து டீச்சருங்க கேக்கறாங்க. லீவு முடிஞ்சு ஞாயித்துக்கிழமை, அஜ்லூன் ஏத்தத்துல, எஞ்சின் உறுமுது, வண்டி நகரலை. பன்னெண்டு பேரும் நீள அங்கியைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு எறங்கித் தள்ளினாங்க. கணக்கு டீச்சர் ஒண்ணு ரெண்டு மூணு சொன்னாங்க.

அன்னிக்குச் சாயங்காலம் பட்டறைத் தெரு நடுவுல நின்னு நான் கத்தினேன் பாரு! அபூ லைத் என் வண்டியைக் கொன்னுட்டான்னு. நாப்பது நாளா அதையே பாடிக்கிட்டிருக்கேன். இப்ப உன் பட்டறைக்கு எத்தனை வண்டி வருது? வேணாம், சொல்லாதே. வண்டி தூக்கற மேடையில பூனை படுத்துத் தூங்குதாமே, கேள்விப்பட்டேன்.

நேத்து வேனைக் கட்டி இழுத்துக்கிட்டு ஜெரஷுக்குப் போனேன். ஏன் ஜெரஷா? இங்க எவன் கண்ணுலயும் படாம இருக்கத்தான். அங்க இருக்கற மெக்கானிக் ஒரு திருகாணியைக் கூடத் தொடலை. எஞ்சினை ஓட விட்டுச் சூடாக்கினான், கம்பியை உருவிப் பாத்தான், என்னைப் பாத்தான். ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

இரு, சொல்றேன். அதுக்கு முன்னால இதைச் சொல்லு. நீ உள்ள வரும்போது கதவு சத்தம் போட்டுச்சா? இல்லல்ல? இருபது வருஷமா கழுதை மாதிரி கத்தின கதவு. உம்மு கைஸ் கீலுக்கு எண்ணெய் விட்டிருக்கா. அங்க பாரேன், ஒழுகியிருக்கு. என்ன நிறம்?

ஆமா, செவப்பு. நீ ஊத்தின கியர் எண்ணெய், உனக்குத் தெரியாத செவப்பா?

புதனுக்கும் ஞாயித்துக்கும் நடுவுல ஒரு வெள்ளிக்கிழமை இருந்துச்சேப்பா. வண்டியைக் கழுவினேன், கை சும்மா இருக்கலை. எஞ்சின் அணைஞ்சு ஆறிப் போய் நிக்குது, கம்பியை உருவிப் பாத்தா கோட்டுக்கு மேல ரெண்டு விரல் ஏறி நிக்குது எண்ணெய். அடப்பாவி, கொட்டி ரொப்பிட்டானேன்னு, குழாயை விட்டு ரெண்டு லிட்டர் உறிஞ்சு ஆலிவ் எண்ணெய் டின்னுல வச்சிட்டேன். அவ கதவுக்கு விட்டது அதுலேருந்துதான். எஞ்சின் ஓடும்போது, சூடா இருக்கும்போதுதான் பாக்கணும், அணைச்சா எல்லாம் கீழ வடிஞ்சு ஏறி நிக்கும்னு நான் எதைக் கண்டேன்? நீ சொல்லவே இல்லியே.

சொன்னியா?

ம்... சொன்னே. ரெண்டு தடவை சொன்னே. நான் ஃபோன் பேசிக்கிட்டிருந்தேன்.

எண்ணெயை எவன் எடுத்தான்? இதான் ஜெரஷ்காரன் கேட்ட கேள்வி. ரெண்டு லிட்டர் ஊத்தினான், அவ்வளவுதான். இன்னிக்குக் காலையில அஜ்லூன் ஏத்தத்தைப் பேசாம ஏறி எறங்கிடுச்சு. உன் பிக்கப்புக்குப் பின்னாடிதான் நிக்குது, நீ தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்ததுல பாக்கலை.

அந்தக் கியர்பாக்ஸைத் திருப்பிக் கொண்டு போ. நாளைக்குக் காலையில பட்டறைத் தெருவுல அதே இடத்துல நின்னு, அதே சத்தத்துல, நான் செஞ்சதைச் சொல்றேன். சவரக்கடைக்காரன் ஒரு வருஷத்துக்கு என் தலையை உருட்டுவான், உருட்டட்டும்.

உன் பேரைக் கெடுக்கறதை நிறுத்தச் சொல்லிக் கேக்கத்தானே வந்தே, அது ஆச்சு. எடு, காபியைக் குடி.

இரு இரு, அவசரப்படாதே. இந்தா பாத்துக்கோ, என் கப்பு. நானும் கீழ வச்சிட்டேன். நீ என்னை மன்னிச்சுச் சரின்னு சொல்ற வரைக்கும் தொட மாட்டேன்.

சிரிக்காதேப்பா, சீக்கிரம் சொல்லு. ரெண்டும் ஆறுது, அவ மறுபடி காய்ச்ச மாட்டா.