பேட்டரி மாற்றிய ஞாயிறு

"கார்ட்ரிட்ஜை ஊதாதன்னு எத்தனை தடவ சொல்றது?"

"ஊதினாத்தானேங்க வேலை செய்யும்? ஊரே ஊதுது."

"எச்சில் பட்டா துரு ஏறும்மா. எடுத்துட்டு மறுபடி சொருகினாலே போதும்."

கல்யாணமான புதிதில் நானும் என் கணவரும் பேசிய காதல் வசனம் இதுதான். பழைய வீடியோ கேம் மெஷின்களைப் பழுதுபார்த்து விற்கிறோம். மரப்பலகை முகப்பு வைத்த ஆதிகால மெஷின் தொடங்கி, மெஷினில் சொருகும் கேம் கார்ட்ரிட்ஜ், சிடி என்று நாற்பது வருட வரலாறு கடை அலமாரியில் வரிசையாக நிற்கும். தூசி தட்டுவது நான்.

அவருடைய மூத்த தாரம் போய்ச் சேர்ந்து ஆறு வருடம். நான் பொறாமைக்காரி இல்லை. அவள் துணிமணிகளைக் கொடுத்துவிட்டேன், பூச்சி அரிக்குமே. படங்களைப் பரணில் போட்டேன், வெளிச்சத்தில் வெளுத்துவிடும். அவள் பெயரைக் கேட்டால் எனக்குத் தலைவலிக்கிறது என்று ஒரே ஒருமுறைதான் சொன்னேன். அன்றோடு நிறுத்திவிட்டார். தங்கமான மனிதர்.

மிச்சம் இருந்தது அவள் ஆடிச் சேமித்து வைத்த ஒரு கார்ட்ரிட்ஜ். ஞாயிறு நாலு மணிக்கு அதைப் போடுவார். விளையாடமாட்டார். திரையின் முதல் வரியில் அவள் பெயர், பக்கத்தில் அவள் ஆடிய நேரம்: அறுபத்தொரு மணி. ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு அணைப்பார்.

அந்த வரியைக் காப்பாற்றி வைத்திருந்தது உள்ளே இருக்கும் காசளவு பேட்டரி. என்றைக்கு உயிரை விடுமோ தெரியாது. மாற்ற அவருக்குத் துணிச்சல் வரவில்லை. மெஷின் ஓடும்போதே பழையதைக் கழற்றிப் புதியதை ஈயம் வைத்துப் பற்றவைத்தால் எதுவும் அழியாது. கற்றுக்கொடுத்தவரே அவர்தான். வாடிக்கையாளர்களுக்கு நூறு மாற்றியிருப்பேன், ஒன்றுகூடக் கெட்டதில்லை.

போன ஞாயிறு அவர் குளிக்கப் போனபோது நானே மாற்றினேன். மெஷின் ஸ்விட்சைப் போடவில்லை. மறந்துபோய் அல்ல. அவர் மனசு லேசாகட்டுமே என்றுதான். வரி காலியாக இருந்தால் மூளியாகத் தெரியும் என்று அங்கே என் பெயரை அடித்துச் சேமித்தும் வைத்தேன்.

நாலு மணிக்குத் திரையைப் பார்த்தார். என் பெயர், இரண்டு நிமிடம்.

"புது பேட்டரிங்க. இனி இருபது வருஷத்துக்குக் கவலையில்ல."

திட்டியிருந்தால் பதில் தயாராக வைத்திருந்தேன். அவர் கார்ட்ரிட்ஜை உருவினார். வாயருகே கொண்டுபோய், நான் பார்த்து முதல்முறையாக, ஊதினார். மறுபடி சொருகினார். அப்போதும் என் பெயர்தான்.

"தலைவலிச்சா கொஞ்சம் பொறுத்துக்கம்மா," என்றார், திரையைப் பார்த்தபடியே. "அவ பேரை ஒரே ஒரு தடவ வாய்விட்டுச் சொல்லிக்கட்டுமா?"