ஞாயித்துக்கிழமை வரைக்கும்

– இப்ப எதுக்குடி எழுந்தே? உக்காந்து ரெண்டு நிமிஷம் ஆகல.

– துண்டு ஈரமா இருக்கு. காயப் போட்டுட்டு வந்துடறேன்.

– அது காஞ்ச துண்டு. இப்பத்தான் ரூம்லேர்ந்து எடுத்துட்டு வந்தே. காலைலேர்ந்து குட்டி போட்ட பூனை மாதிரி அலையறே. நிஜமாவே குட்டி போட்ட பூனைங்களுக்கு வைத்தியம் பார்க்கறவ நான். அதுங்ககூட ஒரு இடத்துல படுக்கும்.

– உன் மாட்டாஸ்பத்திரிப் பேச்சை இங்கயும் ஆரம்பிக்காதே. சின்னவன் எங்க?

– உன் காலடியிலதான். உன் செருப்புல மண்ணை ரொப்பிட்டிருக்கான்.

– டேய், வாயில போடாதே! பெரியவ?

– அதோ, பக்கெட்டைத் தூக்கிட்டு ஓடி வர்றா பாரு.

– அம்மா! டாக்டர் சித்தி! கோட்டையைச் சுத்தி ஊத்தறதுக்குத் தண்ணி கொண்டாந்துட்டேன்!

– பாப்பு, தொப்பி எங்கடி?

– பறந்து போச்சு. அம்மா, சாப்பிட்டதும் படகுல போலாம். அப்புறம் நீச்சல் குளம். சாயங்காலம் மேஜிக் மாமா வருவாராம். நாளைக்குக் காலைல திரும்பக் கடல். சரியா?

– அம்மாடி, கலெக்டர்கூட இப்படி ப்ரோக்ராம் போட மாட்டார். போ, தம்பியையும் கூட்டிட்டுப் போய்க் கோட்டை கட்டு. எங்க கண்ணுல படற மாதிரி, என்ன? ம்... பார்த்தியா? பிள்ளை எவ்வளவு சந்தோஷமா இருக்கா. நீதான் முள்ளு மேல உக்காந்திருக்கே. திரும்பவும் என்ன போனு?

– மணி பார்த்தேன்.

– மணி பார்க்கறவ மெசேஜை எதுக்குத் திறந்து திறந்து மூடறே? அடியே, உன் மருந்துக்கடைக்கு வர்றவன் இங்க வலிக்குது, அங்க குத்துதுன்னு அவனே சொல்லிடுவான். என்கிட்ட வர்றதுங்களுக்கு வாயே கிடையாது. மூஞ்சியைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கணும். உன் மூஞ்சியை நேத்துலேர்ந்து பார்த்துட்டிருக்கேன். சோறு இறங்கல உனக்கு.

– ஒண்ணுமில்லடி. சும்மா இரு.

– சும்மா இருக்கறதுக்குத்தான் வந்தேன். நீ எங்க விடறே? கேளு, வருஷக்கணக்கா வா வான்னு கூப்பிட்டும் வராதவ, போன வாரம் நீயாவே போன் பண்ணி, எங்கயாவது போலாம், இந்த வாரமே போலாம்னு உயிரை எடுத்தே. நானும் விழுந்தடிச்சு லீவு போட்டுட்டு வந்தேன். வந்து இறங்கினதுலேர்ந்து வீட்டுக்குப் போலாமா, வீட்டுக்குப் போலாமாங்கறே. வீட்ல என்னதான் நடக்குது?

– மெதுவாப் பேசு. பிள்ளைங்க காதுல விழும்.

– இந்த அலைச் சத்தத்துல நீ பேசறது எனக்கே கேக்கல.

– அவர் இன்னைக்குப் போறார்.

– யாரு, உன் வீட்டுக்காரரா? எந்த ஊருக்கு?

– ஊருக்கு இல்ல. வீட்டை விட்டே போறார். தனியா இடம் பார்த்தாச்சு. சாமானெல்லாம் இன்னைக்குத்தான் எடுக்கறார்.

– என்னடி சொல்றே? உளறாதே. வேற யாராவது...?

– அப்படியெல்லாம் யாரும் இல்ல. இருந்திருந்தாலாவது திட்டித் தீர்த்திருப்பேன். சண்டைகூட இல்லடி. சண்டை போட்டே ரொம்ப நாளாச்சு. ரெண்டு பேரும் ஹோட்டல்ல தங்கியிருக்கறவங்க மாதிரி, நீங்க சாப்பிட்டீங்களா, நீ சாப்பிட்டியா, அவ்வளவுதான் பேச்சு. ஒருநாள் அவர் சொன்னார். நானும் சரின்னுட்டேன்.

– அதுக்கும் இங்க வந்ததுக்கும்...?

– பிள்ளைங்க கண்ணு முன்னாடி பெட்டியைத் தூக்க வேணாம்னு நான்தான் சொன்னேன். இவங்களைக் கடலுக்குக் கூட்டிட்டுப் போறேன், ஞாயித்துக்கிழமை வரைக்கும் வர மாட்டோம், அதுக்குள்ள எடுத்துட்டுப் போயிடுங்கன்னு பேச்சு. அப்புறம் பக்குவமா சொல்லிக்கலாம்னு.

– அப்ப இது உல்லாசப் பயணம் இல்ல. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கறதுக்கு ஒரு ரிசார்ட்டு. துணைக்கு நான் ஒருத்தி. என்கிட்டகூடச் சொல்லணும்னு தோணலையா உனக்கு?

– சொன்னா நீ அழுவே. நீ அழுதா நானும் அழுதிருப்பேன். பாப்பு பார்த்திருப்பா.

– நான் எங்கடி அழறேன்? கண்ணுல மண்ணு. சரி, அந்த போனை இங்க குடு. பார்த்துப் பார்த்து என்ன ஆகப் போகுது?

– நேத்துக் கிளம்பறப்ப வாசல்ல நின்னார். நான் பழக்க தோஷத்துல, போயிட்டு வரோம்னு சொல்லிட்டேன். கேட்டைப் பிடிச்சிட்டு அப்படியே நின்னார். அது கண்ணுலயே நிக்குதுடி. இத்தனை வருஷம் குடும்பம் நடத்தின மனுஷன், ஆளில்லாத வீட்லேர்ந்து திருடன் மாதிரி சாமானைத் தூக்கிட்டுப் போறார். பத்திரமா இருங்கன்னு சொல்லக்கூட யாரும் இல்ல. நான் போகணும்.

– போய்? தடுக்கப் போறியா?

– தெரியல.

– இரு இருன்னு கெஞ்சப் போறியா?

– தெரியலன்னு சொல்றேன்ல! அவர் படி இறங்கறப்ப நான் அங்க இருக்கணும். வேற எதுவும் தெரியல எனக்கு.

– சரி சரி, கத்தாதே. எழுந்திரு. வண்டியை நான் ஓட்டறேன், இந்த நிலைமைல நீ ஸ்டியரிங்கைத் தொடாதே. தெருமுனையில நிறுத்திட்டுப் பிள்ளைங்களை நான் பார்த்துக்கறேன். நீ மட்டும் உள்ள போ. பாப்பு! பாப்புக்குட்டி! தம்பியைக் கூட்டிட்டு வா, கிளம்பறோம்!

– எங்க சித்தி, படகுக்கா?

– வீட்டுக்குடா தங்கம்.

– வேணாம்! நாளைக்குத்தானே போறோம்? அம்மா, நாளைக்குன்னு சொன்னேல்ல?

– அம்மாவுக்கு ஒரு அவசர வேலை, பாப்பு. இன்னொரு தடவை வரலாம்.

– எனக்கு வயிறு வலிக்குது. வண்டியில ஏறினா வாந்தி வரும்.

– டாக்டர்கிட்டயேவா? இப்படி வா. இங்க வலிக்குதா? இங்க? இங்க?

– ஆமா. எல்லா இடத்துலயும்.

– தொட்ட இடமெல்லாம் வலிச்சா அது வயித்து வலி இல்ல, பாப்பு. எங்க ஆஸ்பத்திரி ஆடுகூட இதைவிட நல்லா நடிக்கும்.

– நான் வர மாட்டேன்! தம்பி அழுவான்! இன்னும் மேஜிக் பார்க்கல, படகுல போகல...

– படுத்தாதே பாப்பு! அம்மாவுக்கு நேரம் இல்ல. ஆமா, உனக்கு அலைன்னாலே பயமாச்சே? நேத்துச் சத்தம் கேக்குது, சத்தம் கேக்குதுன்னு என்னைக் கட்டிப் பிடிச்சுத்தானே தூங்கினே? அப்படி என்ன இருக்கு இந்தக் கடல்ல?

– எனக்கு ஒண்ணும் பிடிக்கல. தண்ணி பட்டா கண்ணு எரியுது. மண்ணு குத்துது.

– பின்ன ஏண்டி காலைலேர்ந்து அந்தக் குதி குதிச்சே? அழாம சொல்லு. அம்மா திட்ட மாட்டேன்.

– நீ போலாம் போலாம்னு சொல்லிட்டே இருந்தே. ஜாலியா இருந்தா நீ இருப்பேன்னுதான்...

– நான் இங்க இருந்து என்னடா பண்ணப் போறேன்?

– இப்பப் போனா அப்பா, கட்டிலுக்கடியில ஒளிச்சு வெச்சிருந்த பெட்டியெல்லாம் வண்டியில ஏத்திட்டிருப்பாரும்மா. நீ பார்த்துடுவேல்ல.