நாலாவது கால்

ஐயா, பொழுதுபோக்குக்கு மரவேலை செய்கிறவனுக்கு வாரத்தில் ஒரே ஒரு நல்ல நாள் வெள்ளிக்கிழமைதான். ஞாயிற்றுக்கிழமை உளியைக் கையில் எடுத்ததும் நம் லட்சணம் நமக்கே தெரிந்துவிடும். வெள்ளிக்கிழமை வெறும் திட்டம். திட்டத்தில் எல்லாப் பலகையும் நேராகத்தான் இருக்கும்.

பல் டாக்டரின் மரவேலை ஷெட் எரிந்ததைப் பற்றித் தீயணைப்பு அதிகாரியாக நீங்கள் எழுதிய அறிக்கையைப் படித்தேன். சுத்தமான அறிக்கை. 'உரிமையாளரின் கவனக்குறைவு' என்று முடித்திருக்கிறீர்கள். அந்த இரண்டு சொல் மட்டும் தப்பு. திருத்திக்கொள்ள வசதியாக நடந்ததை எழுதித் தருகிறேன். நான் பள்ளிக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாக வேதியியல் நடத்துகிறவன். விடைத்தாளில் தப்பைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க வராது.

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒன்பது பேர். வெள்ளி மாலை ஆளாளுக்கு அந்த வாரத் திட்டத்தை எழுத வேண்டும். ஞாயிறு மாலை செய்ததைப் போட்டோ எடுத்துப் போட வேண்டும். டாக்டர் 'புத்தக அலமாரி' என்று எழுதினால் ஞாயிறன்று அலமாரி நிற்கும், புத்தகத்தோடு. லிஃப்ட் மெக்கானிக் 'ஷூ ஸ்டாண்ட்' என்றால் ஸ்டாண்டு வந்துவிடும், கொஞ்சம் ஆடும். நான் ஒரு தடவை நாற்காலி செய்தேன். மூன்று கால் முடிந்த சந்தோஷத்தில் போட்டோ போட்டேன். நாலாவது கால் வரவே இல்லை. 'வாத்தியார் முக்காலி செஞ்சிருக்காரு' என்று மெக்கானிக் எழுதினான். அன்றிலிருந்து என் பெயரே முக்காலி. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் உளி மொண்ணை, மரம் ஈரம், வெளிச்சம் போதாது என்று மூன்றையும் சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

ஞாயிறு காலையில் யார் வேண்டுமானாலும் டாக்டர் ஷெட்டில் வேலை செய்யலாம். சாவி வாசலில் கவிழ்த்து வைத்த பெயிண்ட் டப்பாவின் அடியில் இருக்கும். எங்கள் வீட்டுக்கும் அதற்கும் ஒரு தெருதான்.

என் மகளுக்கு இது எட்டாம் மாதம். மூன்றாம் மாதமே, நாலு காலில் நின்று ஆடும் மரத்தொட்டில் செய்து தருவதாக அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். நல்ல மரமாகப் பார்த்து வாங்கினேன். மூன்று காலும் பக்கச் சட்டங்களும் அறுத்தேன். மூன்றாவது காலில் துளை கோணலாகப் போய்விட்டது. சட்டத்தைச் சொருகினால் குடிகாரன் மாதிரி சாய்ந்தது. எல்லாவற்றையும் ஷெட் மூலையில் வைத்து, பழைய போர்வை ஒன்றைப் போர்த்திவிட்டு வந்தேன். 'தொட்டில், நாலாவது கால்' என்று அடுத்த ஐந்து மாதமும் வெள்ளிக்கிழமை தவறாமல் எழுதினேன். இருபது வெள்ளி இருக்கும்.

ஒரு நாள் மகள் மாடிப்படியில் உட்கார்ந்து டாக்டரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். நான் செருப்புத் தேடிக்கொண்டிருந்தேன்.

"மாமா, அப்பாவை நம்பினா குழந்தை காலேஜ் போறப்பதான் தொட்டில் வரும். நீங்களே முடிச்சுக் குடுத்துடுங்க. அப்பாவுக்குத் தெரிய வேண்டாம், பாவம்."

அந்தப் 'பாவம்' எனக்குப் பிடிக்கவில்லை. மற்றபடி அவள் சொன்னதில் பிழை எதுவும் இல்லை.

இப்போது கொஞ்சம் வேதியியல். மரத்துக்குப் பளபளப்பு ஏற்ற டாக்டர் ஆளிவிதை எண்ணெய் தடவுவார். தடவிய துணியைக் கசக்கி ஓரமாகப் போட்டால், எண்ணெய் காற்றை உறிஞ்சி உள்ளுக்குள்ளேயே சூடாகும். அந்தச் சூட்டுக்கு வெளியே போக வழி இல்லாவிட்டால், தீக்குச்சி இல்லாமலே சில மணி நேரத்தில் பற்றிக்கொள்ளும். துணியை விரித்துக் காயப் போட்டுவிட்டால் ஆபத்து இல்லை. இதைப் போன வருஷம் குழுவில் இரண்டு பக்கத்துக்கு எழுதினேன். ஏழு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள், படிக்கவில்லை. டாக்டர் மட்டும் படித்தார். மறுநாளே ஷெட்டின் குறுக்கே கம்பி கட்டி, கிளிப் வாங்கி, 'வாத்தியார் கம்பி' என்று பெயரும் வைத்தார். நான் சொன்னதைக் கேட்டு ஒருவர் உருப்படியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

அந்த ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு ஷெட்டுக்குப் போனேன். அன்று மற்றவர்கள் யாரும் வரவில்லை. டாக்டர் ஆறு மணிக்கே வந்து எண்ணெய் தடவிவிட்டு, குளிக்க வீட்டுக்குள் போயிருந்தார். நடுவில் தொட்டில் நின்றது. கை வைத்தால் வழுக்கும் அளவுக்கு இழைத்திருந்தார். விரலால் லேசாகத் தள்ளினேன். சத்தமே இல்லாமல் ஆடி, சத்தமே இல்லாமல் நின்றது. கம்பியில் ஐந்து துணி காய்ந்துகொண்டிருந்தது.

நான் செய்தது இவ்வளவுதான்: ஷெட்டைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தினேன். துணிகளைக் கம்பியிலிருந்து எடுத்து, மரச்சீவல் போட்டு வைக்கும் அட்டைப்பெட்டிக்குள் வைத்தேன். பெட்டியைத் தொட்டிலுக்குப் பக்கத்தில் தள்ளினேன், வழியில் கிடந்தது. வீட்டில் குடித்த டம்ளரைக்கூடக் கழுவி வைக்காதவன் என்று என் மனைவி சொல்வாள். அவள் அன்று பார்த்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன். பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்தினேன். அன்று எல்லோருக்கும் ஒன்றிரண்டு மார்க் கூடவே போட்டேன்.

மூன்றரை மணிக்கு மெக்கானிக் குழுவில் எழுதினான்: 'டாக்டர் ஷெட்ல புகை.' நானும் ஓடினேன். ஒரு பக்கெட்கூட எடுத்துப் போனேன், தண்ணீர் இல்லாமல். மெக்கானிக் தோட்டத்துக் குழாயைப் பிடித்துக் கூரையில் அடித்துக்கொண்டிருந்தான். டாக்டர் வெளியேதான் நின்றார். சட்டை நனைந்திருந்ததே தவிர ஒரு கீறல் இல்லை. ஷெட் போனால் போகிறது என்கிற முகம். அந்த நிமிஷத்தோடு எல்லாம் முடிந்திருக்கும், ஐயா.

நான் கேட்டேன், "டாக்டர், தொட்டில்?"

ஒரு சொல்தான். அதைச் சொல்ல வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். மெக்கானிக் கத்தினான். நான் பக்கெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

தொட்டிலை வாசல் வரைக்கும் இழுத்து வந்துவிட்டார். கூரைத் தகரம் விழுந்தது அங்கேதான். எரிகிற சட்டத்தை அவர் விடவில்லை. மெக்கானிக்தான் உள்ளே பாய்ந்து, விரல்களைப் பிரித்து அவரை வெளியே இழுத்தான்.

நாலாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரின் இரண்டு கையும் கட்டுப் போட்டு, தலையணை கட்டின மாதிரி இருந்தது. வலது கையில் இரண்டு விரல் இனி மடங்காது என்று நர்ஸ் வாசலிலேயே சொல்லிவிட்டார். பல்லுக்குள் ஊசி நுனியைச் செலுத்துகிற விரல்கள். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"கம்பியில மாட்டின மாதிரிதான் ஞாபகம் இருக்கு வாத்தியாரே. எங்கயோ கசக்கிப் போட்டிருக்கேன் போல. வயசாயிடுச்சு. நீங்க படிச்சுப் படிச்சுச் சொன்னீங்க."

"விடுங்க டாக்டர்" என்றேன்.

"இன்னொரு விஷயம். திட்டாதீங்க. அந்தத் தொட்டில் உங்களோடதுதான். போர்வைக்கு அடியில கிடந்துச்சுல்ல, அதை எடுத்துத்தான் செஞ்சேன். நாலாவது கால் மட்டும் என்னோடது. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் உங்க பேர்ல போட்டோ போடலாம்னு உங்க பொண்ணும் நானும் திட்டம் போட்டிருந்தோம். மெக்கானிக் பய வாயை அடைக்கணும்ல."

"அப்படியா டாக்டர்?" என்றேன். எனக்குக் கண்கூடக் கலங்கியது. யார் பார்த்தாலும் நம்பியிருப்பார்கள்.

அவர் இப்போது பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் தன் தப்புத்தான் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். நேற்று என்னுடைய அந்த இரண்டு பக்கத்தை மெக்கானிக்கை விட்டுத் தேடியெடுத்துக் குழுவில் மறுபடி போடச் சொன்னாராம். 'வாத்தியார் பேச்சைக் கேட்டிருந்தா என் கை தப்பிச்சிருக்கும், நீங்களாவது கேளுங்க' என்று கீழே ஒரு வரி. மற்ற ஏழு பேரும் கும்பிடு போட்டிருந்தார்கள். மெக்கானிக் முதல் தடவையாக என்னை 'சார்' என்று எழுதியிருந்தான். மரியாதை வேண்டும் என்று ஒன்றரை வருஷம் ஏங்கியவன் நான். வந்தது, சாப்பாடு இறங்கவில்லை. அதனால்தான் உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன்.

தன் தொட்டில் என்று தெரியாமல் ஓர் அப்பன் பொறாமையில் செய்துவிட்டான் என்று இதுவரை படித்ததில் உங்களுக்குத் தோன்றும். அப்படித் தோன்றும்படிதான் எழுதிக்கொண்டு வந்தேன். மகளிடமும் அப்படிச் சொல்லிவிடலாம் என்று இருந்தேன், அழுவாள், மன்னிப்பாள். ஆனால் அன்று காலை ஷெட்டுக்குள் நுழைந்ததும் நான் முதலில் தூக்கிப் பார்த்தது அந்தப் போர்வையை. அடியில் ஒன்றும் இல்லை. அப்புறம் தொட்டிலின் மூன்றாவது காலைக் குனிந்து பார்த்தேன். என் கோணல் துளை அப்படியே இருந்தது. அதில் மெல்லிய ஆப்பு ஒன்றை இறக்கி, சட்டத்தை நேராக நிறுத்தியிருந்தார். அவ்வளவு சின்ன ஆப்பு. கால்மணி நேர வேலை. அதைச் செய்யத் தெரியாமல் நான் ஐந்து மாதம் போர்வை போர்த்தி வைத்திருந்தேன். அதில் என் பேரக்குழந்தை படுக்கும், ஊரெல்லாம் என்னைப் பாராட்டும், ஆப்பு எங்கே இருக்கிறது என்று எனக்கு மட்டும் தெரியும். அதைத் தாங்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

துணிகளைப் பெட்டியில் வைத்தேன் என்று மேலே எழுதியிருக்கிறேன். அதையும் சரியாக எழுதிவிடுகிறேன். ஐந்தையும் ஒன்றாகச் சுருட்டி இறுக்கினேன். சீவலின் நடுவே குழி பறித்து வைத்து, மேலேயும் சீவலைப் போட்டு மூடினேன். பெட்டிக்கு நாலு மடிப்பு. மூன்றை மடக்கி மூடிவிட்டு, நாலாவதை மட்டும் திறந்தே விட்டேன். குழுவில் இதைப் படித்தால் முக்காலி வழக்கம்போல விட்டுவிட்டான் என்று சிரிப்பார்கள். மறதி இல்லை, ஐயா. உள்ளே காற்று போக வேண்டும்.