காரணம் சொல்லாமல் விலகலாம்

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகும் பஸ்ஸில், முன்சீட்டுக்காரர் மனைவியிடம் கேட்டார்: "ஏட்டி, அந்த எலி பிழைச்சுதா?"

"அதை எலிகிட்டதான் கேக்கணும். எலிக்குப் பெறவு மனுசருக்குக் குடுத்துப் பாக்குத மருந்து இது. முதல் கூட்டத்துல நானும் உண்டு."

பேச்சுப்போக்கில் தெரிந்தது, அந்த அம்மாவுக்கு ஹெபடைட்டிஸ் சி. உடனே அவர்கள் சீட்டுக் கம்பியைப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டேன். தொட்டால் ஒட்டாது என்று எனக்குத் தெரியும், கைக்குத் தெரியவில்லை.

"வேண்டாம்ட்டி. நம்மள வச்சா பரீட்சை பாக்கணும்?"

"ஒரு வருசம் ஊசி போட்டேன். முடி கொட்டினதுதான் மிச்சம், கிருமி அப்படியே இருக்கு. சும்மா இருந்தா ஈரல் சுருங்கிப் போவும்னு டாக்டர் சொன்னது ஒங்க காதுலயும்தானே விழுந்துது? பயமா இருந்தா மார்த்தாண்டத்துல இறங்கிக்கிடுங்க. நான் ஒப்புப் போடப் போறேன்."

"ஏதாவது ஆச்சுன்னா?"

அந்த அம்மா பையிலிருந்து ஆஸ்பத்திரித் தாளை எடுத்து விரித்தார். "இஞ்ச வாசியுங்க. எப்ப வேணும்னாலும், காரணம் சொல்லாம, விலகிக்கிடலாம். ஒங்களக் கெட்டின அன்னைக்கு இப்படி ஒரு தாள் யாராவது தந்தாவளா?"

மார்த்தாண்டம் வந்தது. பாதி பஸ் இறங்கியது. கணவர் இறங்கவில்லை.

"சாட்சி ஒப்பு எங்கட்டி போடணும்?"

"கீழ. கை நடுங்காமப் போடணும், கேட்டியளா? மருந்து குடிக்கப்போறது நானாக்கும்."

பின்சீட்டில் நான் என் கையை மறுபடியும் கம்பிமேல் வைத்தேன்.