ஓசியாவுக்கு நான் சொல்லாத சாட்சி

நான் நாலு பேர் நடுவில் குரலை உயர்த்திப் பேசுகிறவன் இல்லை. அமெரிக்காவில், ஜார்ஜியாவில் எங்கள் பக்கத்துக் கறுப்பு விவசாயி ஒருவன் வயதாகும்வரை தன் நிலத்திலேயே இருக்க வேண்டுமென்றால் அது நல்ல பழக்கம்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நான்கில் நானும் பக்கத்து நிலத்துக்கார ஓசியாவும் விதைக்கடன் கேட்டு அரசாங்க அலுவலகத்துக்குப் போனோம். அதிகாரி எங்கள் மனுக்களைப் படிக்காமலே ஓரமாக வைத்துவிட்டு, "ஜூன்ல வாங்க" என்றார். கடலை விதைப்பு மே மாதத்தோடு முடிந்துவிடும். அது அவருக்கும் தெரியும். நான் நன்றி சொல்லிவிட்டுத் திரும்பினேன். ஓசியா மேசைமேல் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டான்.

"ரோட்டுக்கு அந்தப் பக்கம் வெள்ளக்காரன் நேத்தே விதைக்க ஆரம்பிச்சுட்டான். அவனுக்கு மட்டும் எப்படி மார்ச்லயே குடுத்தீங்க? எங்க தோல்தான ஒங்களுக்குப் பிரச்சின?"

கடன் இருவருக்கும் கிடைக்கவில்லை. ஆனால் ஊருக்கு ஒரு கதை கிடைத்தது. தேவாலயத்தில், முடிவெட்டும் கடையில், எங்கும் அதே பேச்சு. என் மனைவி வெர்லின் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் வருஷக்கணக்காக அதைச் சொன்னாள். "ஒன் வீட்டுக்காரர் எசெல் அப்ப அங்க இல்லையா?" என்று யாராவது கேட்டால், "இருந்தாரே, செவுத்துல மாட்டுன காலண்டர் மாதிரி" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

தொண்ணூற்றொன்பதில், கடன் மறுத்ததற்காக அரசாங்கத்தின் மேல் கறுப்பு விவசாயிகள் போட்ட வழக்கில் தீர்வு வந்தது. நஷ்டஈடு பெற, அந்த அநியாயத்தை அப்போதே எதிர்த்துக் கேட்டதற்கு உறவினரல்லாத ஒருவர் சாட்சி சொல்ல வேண்டும். நான்தான் எதையும் கேட்கவில்லையே. ஓசியா என் தோளில் தட்டினான்.

"விடு எசெல். நீயும் என்கூடச் சேந்து கத்துனன்னு சொல்லிர்றேன். மனசுக்குள்ளயாச்சும் கத்திருப்பல்ல?"

அப்படியே சொன்னான். எனக்குக் கிடைத்தது. தான் போட்டுக் கழித்த சட்டையைக் கொடுப்பதுபோல, அவ்வளவு சுலபமாகக் கொடுத்தான்.

பிறகு அவன் முறை வந்தது. வழக்கறிஞர் பெண் என்னிடம் கேட்டாள்: "அன்னிக்கு ஓசியா எதிர்த்துப் பேசினாரா சார்?"

"நான்தாம்மா பேசுனேன். அவன் பக்கத்துல சும்மா நின்னான்" என்றேன்.

அன்று அங்கிருந்த மற்றவர்கள் அலுவலகக்காரர்கள். ஊரார் கேட்டதோ வெறும் கதை. அவனுடைய கோரிக்கை தள்ளுபடியாயிற்று. பழைய கடனுக்காக அவன் நிலத்தை ஏலம்விட அறிவிப்பு வந்தது.

அவன் நிலத்துக்கு ஆசைப்பட்டேன் என்று நினைக்காதீர்கள். அதில் ஒரு பிடி மண்கூட நான் வாங்கவில்லை.

மழை விட்ட ஒரு பிற்பகல் ஓசியா என் வீட்டுக்கு வந்தான். மேலே வராமல் படிக்குக் கீழேயே நின்றான்.

"எசெல், ஒனக்கு மறந்துபோயிருக்கும். மறுபடி மனுப் போட இன்னும் நேரம் இருக்கு. நெஜத்த ஒரு வார்த்த சொல்லுப்பா. எங்கப்பா உழுத நெலம்..."

அவன் குரல் அவ்வளவு தணிந்து நான் கேட்டதே இல்லை. எனக்கு எதுவும் மறக்கவில்லை. அவனுக்காக ஒரு வார்த்தையும் சொல்லப்போவதில்லை என்று எப்போதோ முடிவு செய்திருந்தேன். இந்தக் குரலுக்காகத்தான் எல்லாவற்றையும் செய்தேன்.

"சரியா கேக்கல, இன்னொரு தடவ சொல்லு" என்றேன். சொன்னான். பிறகு வெர்லினைக் கூப்பிட்டேன். அவளும் பார்க்க வேண்டுமல்லவா. ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள். ஓசியா மூன்றாவது தடவையும் கெஞ்சினான்.

அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் வெர்லின் என்னை அப்படிக் கண்கொட்டாமல் பார்த்ததே இல்லை.