மூன்றாம் பாகம் இருந்த இடம்

நீங்கள் வாங்கித் தந்த டீயில் தட்டிப் போட்டிருந்தது சூடு கூடிப்போன ஏலக்காய். குறையாகச் சொல்லவில்லை, டீ நன்றாகத்தான் இருந்தது. உலர்த்தும்போது அடுப்பில் விறகு மிஞ்சிவிட்டால் காய் வாய் பிளந்துவிடும், பச்சை போய் மஞ்சள் ஏறும், பாதி வாசனை அங்கேயே போய்விடும். குரங்கணிக்கு மேலே, ஏலக்காய் உலர்த்தும் எங்கள் ஸ்டோரை நான் பார்க்கத் தொடங்கிய பிறகு அப்படி ஒரு காய் அங்கிருந்து வெளியே போனதில்லை.

நடந்ததை என் கைப்பட எழுதச் சொன்னீர்கள். கல்லூரியில் தமிழ் படித்தவள்தான், எழுதுவதில் சிரமமில்லை. நீங்கள் கேட்பது பாண்டியராஜைப் பற்றி. அவனைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் என் கணவர் செழியன் செய்த பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பாட்டு என்றதும் நீங்கள் வேறு எதையாவது நினைத்துக்கொள்வீர்கள். அது ராக் இசை. ஆனால் ஒரு பக்கம் முப்பது வயலின், ஒரு பக்கம் பித்தளைக் குழல்கள், நடுவில் அவருடைய கிட்டார். வயலின்கள் தேர் நகர்வதுபோல நிதானமாகப் போகும். கிட்டார் குறுக்கே விழுந்து இழுத்துப் போடும். ஏழு எண்ணிக்கையில் போய்க்கொண்டிருக்கும் தாளம் சொல்லாமல் பதினொன்றுக்குத் தாவும். பிறகு எல்லாம் நின்று, இரும்புக் குழாயை அரத்தால் ராவுகிற சத்தம் மட்டும் கேட்கும். வயலினும் குழலும் கம்ப்யூட்டரில் இருந்தவை. அவற்றை அடுக்கிச் சேர்த்ததும் கீபோர்டு வாசித்ததும் பாண்டியராஜ், பொட்டிபுரத்துக்காரன். டிரம்ஸ் முபின். அவனுடைய வாப்பாவுக்குப் போடி பஜாரில் பாத்திரக்கடை. குழுவுக்குப் பச்சைக்காய் என்று பெயர் வைத்திருந்தார்கள். உலர்த்தாத ஏலக்காயை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.

ஒருமுறை ராசிங்காபுரத்தில் ஒரு கல்யாண வரவேற்பில் வாசித்தார்கள். பந்தியில் சாப்பிட்டுக் கைகழுவி வந்த ஒருவர் மேடைக்குக் கீழே நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஏப்பா, வயரெல்லாம் சரி பாத்துட்டீகன்னா பாட்ட ஆரம்பிங்கப்பா. பஸ்சுக்கு நேரமாச்சு."

முபின் மைக்கிலேயே சொன்னான்: "பாட்டு முடிஞ்சுருச்சுண்ணே. நீங்க வெரசாக் கெளம்புங்க."

கூட்டம் சிரித்தது. செழியனும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அந்த மனிதரின் முகம் இப்போதும் எனக்கு நினைவிருக்கிறது. போடி சந்தையில் பார்த்தால் அடையாளம் சொல்லிவிடுவேன்.

அவர்கள் செய்த பெரிய படைப்புக்குப் பெயர் 'பதினேழு வளைவு'. போடியிலிருந்து மலைமேல் இருக்கும் மெட்டுக்கு ஏறும் சாலையில் எத்தனை வளைவோ அத்தனை முறை அதில் தாளம் மாறும். ஐந்து பாகம். முழுதும் ஒரே மூச்சில் கேட்க வேண்டியது. காய்ப் பருவம் இல்லாத மாதங்களில் எங்கள் ஸ்டோரிலேயே, காய் உலர்த்தும் அறையில் பதிவு செய்தார்கள். சன்னல் இல்லாத கனத்த சுவர். வெளிச்சத்தம் உள்ளே வராது. வெளியே இருக்கும் விறகு அடுப்பிலிருந்து சூட்டைக் கொண்டுபோகும் இரும்புக் குழாய்கள் தரையோடு ஓடும். கிட்டார் வாசித்தால் குழாயும் சேர்ந்து அதிரும். செழியனுக்கு அது பிடிக்கும்.

அந்த அறைக்கு உள்தாழ் கிடையாது. வெளியிலிருந்து தாழ் போட்டால்தான் கதவு இறுக மூடும். எனவே பதிவு நடக்கும்போது நான்தான் வெளியே இருப்பேன். எல்லோரும் போனை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போவார்கள். முடிந்ததும் குழாயில் தட்டுவார்கள். மூன்று தட்டு, சிறு இடைவெளி, நான்கு தட்டு. அது அடுப்பின் வாயில் கேட்கும். நான் திறப்பேன். "மதினி இல்லேன்னா நாமளும் கருவாடுதான்" என்று முபின் சொல்வான். யாரும் ஒருநாளும் பயந்ததில்லை.

மூன்றாம் பாகம் நான். மழை பிடித்த ஒரு நாள், காயைச் சலித்துக்கொண்டே செழியனிடம் கேட்டேன்: "பதினேழு வளைவுல ஒரு வளைவுலயாச்சும் நான் நிக்கிறேனா?"

"நீ இல்லாம வண்டி மேல ஏறுமா புள்ள?" என்றார். அப்போதே மைக்கைக் கொண்டுவந்து சல்லடைக்குப் பக்கத்தில் வைத்தார். சல்லடைச் சத்தம், நான் விறகு தள்ளும் சத்தம், வேலையோடு வேலையாக நான் முனகுவது. இவைதான் மூன்றாம் பாகம். வயலின் கிடையாது, தாளம் கிடையாது. மற்ற நான்கு பாகமும் மலை ஏறுகின்றன. இது மட்டும் ஓரிடத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறது. அதுதான் அந்த இசையிலேயே சிறந்த இடம். நான் இருப்பதற்காகச் சொல்லவில்லை.

குழுவோடு சேர்ந்து கேட்கும்போது மூன்றாம் பாகம் வந்தால் செழியன் எழுந்து வெளியே போய்விடுவார். விறகைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்பார். அடுப்பே எரியாத மாதங்கள் அவை. மனதில் இருப்பதை நாலு பேர் முன்னால் கேட்க ஆண்களுக்குக் கூச்சம் இருக்கும். முபின் கொட்டாவி விடுவான். அவனுக்குத் தட்ட ஒன்றும் இல்லாத பாகம், அதனால்.

செழியனுக்கு ரத்தப் புற்று என்று மதுரையில் சொன்னார்கள். போன சித்திரையில் போய்விட்டார். ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் நான் பக்கத்திலேயே இருந்தேன். அவருக்குச் சாப்பிட வாங்கக் கீழே போய் வரும் நேரம் தவிர, வேறெங்கும் போகவில்லை. அவர் என்னிடம் சொல்லாமல் விட்டது எதுவும் இருக்க இடமில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

இந்தச் சித்திரையில், வருஷ நினைவுக்கு, பாண்டியராஜ் 'பதினேழு வளைவை' இணையத்தில் வெளியிட்டான். செழியனுடைய ஸ்பீக்கரில், கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன். இரண்டாம் பாகம் முடிந்தது. வயலின்கள் ஒரே சுரத்தில் நின்றன. அடுத்து என் சல்லடை வர வேண்டும். நான்காம் பாகம் வந்தது.

மறுபடி வைத்துக் கேட்டேன். அங்கே ஒரு தையல்கூடத் தெரியவில்லை. அவ்வளவு சுத்தமாக வெட்டியிருந்தான். கீழே நார்வேயிலிருந்து யாரோ எழுதியிருந்தார், இதில் வேண்டாத நொடி ஒன்றுகூட இல்லை என்று. அந்த நார்வேக்காரருக்கு நான்தான் அந்த வேண்டாத நொடி என்பது தெரியாது. பாண்டியராஜுக்குத் தெரியும். அவன் அந்த வரிக்கு ஒரு இதயம் போட்டிருந்தான்.

போன் செய்தேன்.

"நான்தான் மதினி எடுத்தேன்" என்றான். "எனக்குப் பட்டுச்சு, எடுத்துட்டேன். என்னய வையணும்னா வைங்க."

வைய எனக்குத் தெரியாது. அப்படி வளர்க்கவில்லை. திரும்பச் சேர்த்துவிடு என்று மட்டும் சொன்னேன். சேர்க்கவில்லை. ஆடியில் மறுபடி கேட்டேன். ஆவணியில் போடி பஸ் ஸ்டாண்டில் பிடித்து நிறுத்திக் கேட்டேன். டீக்கடைக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாண்டியராஜ் குரலைத் தாழ்த்தினான். "மதினி, சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். அண்ணன்தான் எடுக்கச் சொன்னாரு. ஆஸ்பத்திரியில இருந்து பேசி அனுப்பிச்சாரு. போன்ல இருக்கு, கேக்குறீகளா?"

"எங்கிட்டச் சொல்லாதத ஒங்கிட்டச் சொன்னாராக்கும்?"

"கேட்டுப் பாருங்க மதினி."

"வேணாம் தம்பி. எனக்குச் சோலி கெடக்கு."

நீங்களே யோசித்துப் பாருங்கள். ஒரே காரியத்துக்கு முதலில் ஒரு காரணம், பிறகு இன்னொரு காரணம். அப்படிச் சொல்கிறவனை உங்கள் தொழிலில் என்னவென்று எழுதுவீர்கள்? இறந்தவர் மேல் பழி போட்டால் கேள்வி இருக்காது என்று நினைத்தான். எனக்கு அந்த நிமிஷம் கோபம் வரவில்லை. பஸ்சில் ஏறி, குரங்கணியில் இறங்கி, ஸ்டோருக்கு ஏறும் வழியில்தான் வந்தது. வந்தது இன்னும் போகவில்லை.

பிறகு அவனை நானே அழைத்தேன். "அந்த ரூமுலயே ஒக்காந்து முழுசா ஒரு தடவ கேளு தம்பி. அவரோட கம்ப்யூட்டர்ல பழசு அப்படியே இருக்கு. கேட்டுட்டு, வேணாம்னு நீ சொன்னா நான் மேக்கொண்டு பேசல."

வந்தான். எனக்குப் பிடிக்கும் என்று ஒரு பொட்டலம் மிக்சர் வாங்கி வந்தான். அடுப்பு வேலை பார்க்கும் பால்பாண்டியை அன்று ஒரு காதுகுத்துக்கு அனுப்பியிருந்தேன். காலையிலேயே ஈரக்காயைத் தட்டுகளில் பரப்பி அறைக்குள் அடுக்கி முடித்திருந்தேன்.

"காய் அடுக்கியிருக்கே மதினி?"

"சாயங்காலம்தான் அடுப்பு. பால்பாண்டி வரணும்ல."

சரி என்றான். தட்டுகளுக்கு நடுவில் ஒரு முக்காலியைப் போட்டுக் கம்ப்யூட்டரையும் ஸ்பீக்கரையும் வைத்துக்கொண்டான். வழக்கம்போலப் போனை என்னிடம் நீட்டினான். நீட்டும்போது ஒன்று செய்தான். போனின் பூட்டை எடுத்து, அந்தப் பேச்சைத் திரையில் கொண்டுவந்து வைத்துக் கொடுத்தான்.

"நான் உள்ள இருக்கப்ப நீங்க தனியாக் கேளுங்க மதினி. எம் முன்னாடி வேணாம்."

தாழ் போட்டேன். காற்றுத் துளைகளை மூடினேன். காய் வியர்க்க வேண்டும், முதலில் துளைகள் மூடித்தான் இருக்கும், அது முறை. அடுப்பை மூட்டினேன்.

முதல் பாகமும் இரண்டாம் பாகமும் குழாய் வழியாக நன்றாகக் கேட்டன. மூன்றாம் பாகம் தொடங்கிச் சற்று நேரத்தில் தட்டினான். மூன்று, இடைவெளி, நான்கு. எனக்குச் சீ என்றாகிவிட்டது. என் பாகம் முடியும் வரைகூட அவனால் உட்கார முடியவில்லை. அது முடியட்டும், முடிந்ததும் திறக்கலாம் என்றுதான் இருந்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். ஆனால் முடிவதற்குள் சல்லடைச் சத்தம் சட்டென்று நின்றுவிட்டது. கம்ப்யூட்டர் சூடு தாங்கவில்லை போல. ஆகவே அது முடியவே இல்லை.

அவன் தட்டிக்கொண்டிருந்தான். முதலில் அந்தக் குறி மாறாமல் தட்டினான். பிறகு அவசரமாக. "மதினி" என்றும் கேட்டது, குழாய்க்குள் அது யாருடைய குரல் மாதிரியும் இல்லை. பிறகு எல்லோரையும் போல நாலு நாலாகத் தட்டினான். இவ்வளவு காலம் ஏழிலும் பதினொன்றிலும் வாசித்தவன், கடைசியில் நாலுக்கு வந்துவிட்டான். அப்புறம் அதுவும் இல்லை.

காய் உலர்ந்து முடியும் வரை கதவைத் திறக்கக் கூடாது என்பது ஸ்டோர் வழக்கம். மறுநாள்தான் திறந்தேன். திறந்ததும் உங்களுக்குச் சொல்லி அனுப்பியதும் நான்தான். நேற்று உங்களிடம் வாயால் சொன்னது இவ்வளவு. அவனுக்காக ஒரு விறகுகூட அதிகம் போடவில்லை, காய்க்கு வேண்டியதைத்தான் போட்டேன் என்றேன். சத்தம் அடங்கிய பிறகுதான் போனில் இருந்ததைக் கேட்டேன் என்றேன். நீங்கள் ஸ்டோரிலிருந்து கொண்டுவந்த காயில் ஒரு பிடியை மேசைமேல் வைத்தீர்கள். அத்தனையும் வாய் பிளந்து, மஞ்சள் ஏறி இருந்தது.

அதனால் திருத்திக்கொள்கிறேன்.

அவன் நாலு நாலாகத் தட்டத் தொடங்கியபோது கேட்டேன். அடுப்புக்குப் பக்கத்தில், போனைக் காதோடு வைத்துக்கொண்டு கேட்டேன். செழியன் மூச்சு வாங்கி வாங்கிப் பேசுகிறார். பின்னால் ஆஸ்பத்திரி லிப்டின் மணி கேட்கிறது.

"பாண்டி, மூணாவது வேணாம்ப்பா. அது பாட்டே இல்ல. அவ மனசு நோகக் கூடாதுன்னு போட்டது. எத்தன தடவ எந்திரிச்சு வெளிய போறது? நான் போனப்புறம் எடுத்துரு. ரோஜா கேட்டா நீயா எடுத்தேன்னு சொல்லிரு. ரெண்டு நாளைக்கு வைவா, கேட்டுக்க. வெரசா முடிக்கிறேன், இட்லி வாங்கப் போயிருக்கா, வந்துருவா."

முடிந்தது. உள்ளே இன்னும் தட்டிக்கொண்டிருந்தான். தாழ் எனக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அந்த நேரத்தில் காய்க்கு விறகு தேவைப்படவில்லை. அடுப்பு வாய் கொள்ளும் மட்டும் வைத்தேன். தட்டல் நிற்கும் வரை வைத்தேன். நின்ற பிறகும் வைத்தேன்.

மற்றதில் எனக்கு மறுப்பு எதுவும் இல்லை. அந்தப் பேச்சில் இருப்பது செழியன் குரல் இல்லை, பாண்டியராஜ் கம்ப்யூட்டரில் செய்தது என்று மட்டும் நீங்கள் ஒரு வரி எழுதித் தாருங்கள். எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போடுகிறேன்.