காரம் மிஞ்சிய சோப்பு

சோப்பு அழுக்கை எடுக்கிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள், டாக்டர். எடுத்துப் போவது தண்ணீர். சோப்பு வெறும் தரகர். ஒரு கையால் எண்ணெயைப் பிடித்துக்கொண்டு மறு கையைத் தண்ணீரிடம் நீட்டும், அவ்வளவுதான். ஏரவாடாவில் ஒரு ஸ்கூலில் கெமிஸ்ட்ரி டீச்சராக இருந்தேன். இந்த ஒரு விஷயத்தைப் பிள்ளைகளுக்குப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

வேலையை விட்ட பிறகு பாணேர் வீட்டில் பொழுது போகாமல் சோப்பு செய்ய ஆரம்பித்தேன். தேங்காயெண்ணெயும் காஸ்டிக் சோடாவும்தான். வேப்பிலைச் சாறு பேருக்கு. சோடாவின் காரமெல்லாம் எண்ணெயோடு சேர்ந்து தீர்ந்துவிட வேண்டும், கொஞ்சம் எண்ணெய் மிச்சமும் இருக்க வேண்டும். அப்போதுதான் தோலுக்கு இதம். அபார்ட்மெண்டில் என் சோப்புக்கு நல்ல பேர். எதிர்வீட்டு மராத்திப் பெண், “காகூ, அஜூன் தோன் த்யா” என்று இன்னும் இரண்டு கேட்டு வாங்கிப் போவாள். கைக்குழந்தைக்கும் அதைத்தான் போடுகிறாள். ஒரு சிவப்புப் புள்ளி வந்ததில்லை, கேட்டுப் பாருங்கள்.

நீங்கள் காரம் பார்க்கும் காகிதம் வைத்துச் சோதித்த பூ வடிவச் சோப்பு வேறு. அது என் மகள் சஹானாவுக்கு மட்டும். அதில் காரம் மிஞ்சியிருக்கிறது. கை தவறி விழுந்தது அல்ல. என் தராசு நல்ல தராசு. மிஞ்சிய காரம் சும்மா இருக்காது, தோலில் இருக்கிற எண்ணெயையும் தேடிப் பிடித்துச் சோப்பாக்கும். பிறகு தோல் வெடிக்கும். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா.

ஏன் என்று கேட்டீர்கள். மூத்தவன் ஷ்யாம் கனடா போனான். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வந்து “சாப்டியாம்மா?” என்பான், நான் பதில் சொல்வதற்குள் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பான். வீட்டுக்காரருக்குப் பிம்ப்ரி தொழிற்சாலை, விட்டால் தூக்கம். மிச்சம் இவள் ஒருத்திதான். இவளுக்கும் எடின்பரோவில் சர்ஜரி படிக்க இடம் கிடைத்தது. ஊரெல்லாம் ஸ்வீட் கொடுத்தேன். அந்த வாரம்தான் பூ அச்சு வாங்கினேன்.

வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியில் கிருமிநாசினி போட்டுப் போட்டுத்தான் கை இப்படி ஆனது என்று அவளே முடிவு கட்டிவிட்டாள். நான் மறுக்கவில்லை. விரல் வெடித்த கையோடு ஆபரேஷன் தியேட்டருக்குள் விடமாட்டார்களாம். வேறு படிப்புப் பார் என்று பெரிய டாக்டரே சொல்லிவிட்டார்.

அன்றைக்குத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, “அம்மா, ரசம் பட்டா உயிர் போகுதும்மா. நீயே ஊட்டி விடறியா?” என்றாள். “வாயத் தொற கண்ணு” என்று ஊட்டினேன். பெரிய பெண், சின்னக் குழந்தை மாதிரி வாயைத் திறந்தாள். பாவமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, பொய் சொல்வானேன். சாப்பிட்டதும் கைக்கு எண்ணெய் தடவிவிட்டேன். காலையில் குளியலறையில் புதுச் சோப்பு வைத்தேன்.

காகிதம் கருநீலமானதும் அவளை உடனே உள்ளே கூப்பிடப் போனீர்கள். கொஞ்சம் பொறுங்கள், முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன் என்றேன். நல்ல மனசு உங்களுக்கு, பொறுத்துக்கொண்டீர்கள். எடின்பரோவுக்குப் பதில் சொல்ல இன்று நாலு மணி வரைதான் கெடு. “நீ டாக்டர்கிட்ட பேசிட்டு வாம்மா, நான் வேண்டாம்னு அனுப்பிடறேன்” என்று வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள்.

மணி நாலேகால் ஆகிறது. இனி கூப்பிடுங்கள், நானே அவளிடம் சொல்கிறேன். அழுவாள். கை ஆறிவிடும் என்று நீங்கள் தைரியம் சொல்லுங்கள். அப்படியே இதையும் சொல்லிவிடுங்கள், டாக்டர்: போகாதே என்று அவள் அம்மா ஒரு வார்த்தை சொன்னதில்லை.